விசுவாசியின் இருதயத்தில் அரசாட்சி: ஓர் எளிய விளக்கம்

கிறிஸ்துவை "என் ராஜா" என்று அழைப்பதும், அவர் தங்கள் உள்ளத்தை ஆளவேண்டும் என்று ஜெபிப்பதும் கிறிஸ்தவர்களின் அன்றாட வழக்கம். அதே வேளையில் வேதாகமம் விசுவாசிகளையும் ராஜாக்கள் என்று அழைக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் முதல் அதிகாரம் கிறிஸ்துவைத் துதிக்கும்போது, அவர் நம்மை "ராஜாக்களும் ஆசாரியர்களும்" ஆக்கினவர் என்று சொல்லுகிறது. புதிதாக வேதம் வாசிக்கத் தொடங்குகிறவருக்கு இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. இருதயத்தில் ஆளுகிறவர் கிறிஸ்துவா, விசுவாசியா? ஒரே சிங்காசனத்தில் இருவர் அமர முடியுமா? திருச்சபையின் பெரிய போதகர்கள் பலரும் இதற்குத் தந்த விடையின் சாரம், இவை இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடும் அரசாட்சிகள் அல்ல என்பதே. கிறிஸ்துவின் ஆளுகைக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிற மனிதனே தன்னைத்தான் ஆளும் திராணியைப் பெறுகிறான். ஒப்புக்கொடுக்காதவன் சுதந்தரனாய் நிற்பதில்லை. வேறொன்று அவனை ஆளுகிறது. இந்தக் கட்டுரை அந்த விடையைப் படிப்படியாக விளக்க முயல்கிறது.

வேதாகமத்தில் அரசாட்சி என்ற கருத்து எந்த அரசனும் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் தேவன் மனுஷனைத் தமது சாயலாகச் சிருஷ்டிக்கும்போது, சமுத்திரத்தின் மச்சங்களையும் ஆகாயத்துப் பறவைகளையும் பூமியனைத்தையும் அவன் ஆளும்படி கட்டளையிடுகிறார். தேவசாயலும் ஆளும் பொறுப்பும் அங்கே ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. ஆனால் நான்காம் அதிகாரத்துக்கு வருவதற்குள் ஆளவேண்டிய நிலப்பரப்பே மாறிவிடுகிறது. தன் காணிக்கை அங்கீகரிக்கப்படவில்லை என்று முகநாடி வேறுபட்டு நிற்கும் காயீனிடத்தில் தேவன் பேசுகிறார். பாவம் வாசற்படியில் படுத்திருக்கிறது, அதை அவன் ஆண்டுகொள்ளவேண்டும் என்று அவனுக்கு எச்சரிப்பு வருகிறது. பூமியை ஆளப் படைக்கப்பட்டவனின் மகனுக்குத் தன் கோபத்தை ஆள முடியவில்லை. அதன் விளைவு அவனுடைய தம்பியின் இரத்தமாக நிலத்தில் சிந்துகிறது. உள்ளான அரசாட்சியைப் பற்றிய வேதத்தின் முதல் பாடம் இதுதான் என்று நான் கருதுகிறேன். அது தியான அனுபவங்களைப் பற்றிய மென்மையான பேச்சாகத் தொடங்கவில்லை. ஒரு கொலையின் வாசற்படியில் தொடங்குகிறது.

பிற்காலத்தில் இஸ்ரவேலர் மற்ற ஜாதிகளைப்போலத் தங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று சாமுவேலிடம் கேட்டார்கள். அப்போது கர்த்தர், அவர்கள் தள்ளியது சாமுவேலை அல்ல, தாம் அவர்களை ஆளாதபடிக்குத் தம்மையே தள்ளினார்கள் என்று சொன்னார். இருந்தும் அவர்கள் கேட்ட ராஜாவை அவர் கொடுத்தார். அப்படிப்பட்ட ராஜா எப்படி இருக்கவேண்டும் என்பதை உபாகமம் பதினேழாம் அதிகாரம் முன்கூட்டியே வரையறுத்திருந்தது. அவன் குதிரைகளையும் மனைவிகளையும் வெள்ளியையும் பொன்னையும் பெருக்கிக்கொள்ளக் கூடாது. நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்றைத் தனக்கென்று எழுதிக்கொண்டு, தன் ஜீவனுள்ள நாளெல்லாம் அதை வாசிக்கவேண்டும். இவை எதற்காக என்ற காரணமும் அங்கேயே உள்ளது: அவனுடைய இருதயம் அவன் சகோதரர்மேல் மேட்டிமைகொள்ளாதிருக்கவேண்டும். படையெடுப்பைப் பற்றியோ வரி வசூலைப் பற்றியோ அந்தப் பகுதி அதிகம் பேசவில்லை. அரசனின் தகுதியை அது அவன் இருதயத்தில் வைத்து அளக்கிறது.

இந்த அளவுகோலில் தாவீது நிறுத்தப்படும் இடம் இரண்டாம் சாமுவேல் பதினோராம் அதிகாரம். இதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலம் அது. சேனை அம்மோனியரின் ரப்பாவை முற்றுகையிட்டிருக்கிறது. தாவீதோ எருசலேமில் தங்கிவிட்டார். ஒரு சாயங்காலத்தில் படுக்கையிலிருந்து எழுந்து அரமனை உப்பரிகையின்மேல் உலாவுகிறபோது, ஸ்நானம்பண்ணுகிற பத்சேபாளைக் காண்கிறார். அவள் யாரென்று விசாரிக்கிறார். வேறொருவனுடைய மனைவி என்ற பதில் வருகிறது. ஆனாலும் ஆள் அனுப்பி அழைப்பிக்கிறார். ராஜாவுக்கு அனுப்ப ஆட்கள் இருந்தார்கள், மறுக்கத் துணிந்தவர்கள் இல்லை. வெளியே இருந்த அதிகாரம் உள்ளே இருந்த இச்சைக்கு வேலைக்காரனாகிப்போனது.

அவள் கர்ப்பவதியான செய்தி வந்ததும், அதை மறைப்பதற்காக அவளுடைய கணவனான ஏத்தியன் உரியாவைப் போர்க்களத்திலிருந்து வரவழைத்து வீட்டுக்குப் போகச் சொல்லுகிறார். உரியா போகவில்லை. கர்த்தருடைய பெட்டியும் தன் தோழர்களும் வெளியிலே கூடாரங்களில் தங்கியிருக்கையில், தான் மட்டும் வீட்டில் புசித்துக் குடித்து மனைவியோடு இருப்பது தகாது என்று சொல்லி, ராஜாவின் அரமனை வாசலில் ஊழியக்காரரோடு படுத்துக்கொள்ளுகிறான். மறுநாள் தாவீது அவனை வெறிக்கக் குடிக்கச் செய்தும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. நாட்டை ஆளுகிறவர் உப்பரிகையில் தோற்றுப்போயிருக்க, அந்நிய வம்சத்துச் சேவகன் ஒருவன் வாசற்படியில் தன்னை ஆண்டுகொண்டிருக்கிறான். கடைசியில் தன் சாவுக்கான உத்தரவு எழுதப்பட்ட நிருபத்தை அவனே சேனைத்தலைவனான யோவாபிடம் கொண்டுபோகிறான். "பட்டணத்தைப் பிடிக்கிறவனைப்பார்க்கிலும் தன் மனதை அடக்குகிறவன் உத்தமன்" என்ற நீதிமொழிகளின் வசனத்துக்கு இதைவிடக் கடுமையான விளக்கவுரை கிடையாது. நாத்தான் தீர்க்கதரிசி வந்து குற்றத்தை வெளிப்படுத்திய பிறகு தாவீது பாடியதாகச் சொல்லப்படும் ஐம்பத்தோராம் சங்கீதத்தில், ராஜ்யம் நிலைக்கவேண்டும் என்ற விண்ணப்பம் முன்னால் வரவில்லை. "தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்பதே அவருடைய வேண்டுதல். தன்னால் ஆள முடியாத ஒரு பகுதி தனக்குள்ளேயே இருக்கிறது என்பதை அந்த ராஜா அப்போது அறிந்திருந்தார்.

இங்கே இருதயம் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேதாகமத்தில் இருதயம் உணர்ச்சிகளின் இருப்பிடம் மட்டும் அல்ல. அது யோசிக்கிறது, திட்டமிடுகிறது, தீர்மானிக்கிறது, கடினப்படுகிறது. சாலொமோன் ஜனத்தை நியாயம் விசாரிப்பதற்காகக் கேட்டது ஞானமுள்ள இருதயத்தை. எகிப்தின் பார்வோன் அடுத்தடுத்து வந்த வாதைகளைக் கண்ணால் கண்டும் இணங்காமல் நின்றது அவன் இருதயத்தினால்தான். ஆகவே கிறிஸ்து இருதயத்தில் ஆளுகிறார் என்று சொல்லும்போது, ஆராதனை வேளையில் உண்டாகும் ஓர் இதமான உணர்வை மட்டும் நினைத்துக்கொண்டால் கருத்து பாதியாய்ச் சுருங்கிவிடும். எதை விரும்புவது, எதை மறுப்பது, யாரிடம் எப்படிப் பேசுவது, பணத்தை எங்கே செலவிடுவது என்ற தீர்மானங்கள் எடுக்கப்படும் இடமே இருதயம். அந்த இடத்தில்தான் ஆளுகை நடைபெறவேண்டும்.

இயேசு கிறிஸ்து வாழ்ந்த காலத்தில் யூதேயா ரோமரின் ஆட்சியில் இருந்தது. மேசியா வந்தால் ராஜ்யத்தைத் திருப்பிக் கொடுப்பார் என்ற எதிர்பார்ப்பு மக்களிடையே வலுவாக இருந்தது. அப்பங்களைப் பெருகச் செய்த அற்புதத்துக்குப் பிறகு ஜனங்கள் தம்மைப் பிடித்து ராஜாவாக்க மனதாயிருந்ததை அறிந்த இயேசு, அவர்களை விட்டுத் தனியே மலையின்மேல் ஏறிப்போனார் என்று யோவான் எழுதுகிறார். தேவனுடைய ராஜ்யம் எப்பொழுது வரும் என்று பரிசேயர் கேட்டபோது, அது பிரத்தியட்சமாய் வராது என்றும், இதோ இங்கே, அதோ அங்கே என்று சுட்டிக்காட்டத்தக்கதல்ல என்றும் அவர் பதிலளித்தார். அடுத்து வரும் வாக்கியத்தை, ராஜ்யம் "உங்களுக்குள்" இருக்கிறது என்று சிலரும், "உங்கள் நடுவே" இருக்கிறது என்று வேறு சிலரும் வாசிக்கிறார்கள். தம்மை எதிர்த்த பரிசேயரின் இருதயத்துக்குள் ராஜ்யம் இருந்ததாக இயேசு சொல்லியிருப்பாரா என்பது இரண்டாம் தரப்பினரின் கேள்வி. அது நியாயமான கேள்விதான். என் புரிதலில் இரண்டு வாசிப்புகளும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ராஜா அவர்கள் நடுவே நின்றுகொண்டிருந்தார். அவரை ஏற்பதும் தள்ளுவதும் கேட்டவர்களின் உள்ளத்தில் நடக்கவேண்டியதாயிருந்தது.

ரோம ஆளுநனான பிலாத்துவின் விசாரணையில் அவர் இதை இன்னும் தெளிவாக்கினார். "என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல" என்றார். அப்படியிருந்தால் தம் ஊழியக்காரர் தமக்காகப் போராடியிருப்பார்கள் என்றும் சொன்னார். ராஜ்யமே கிடையாது என்று அவர் சொல்லவில்லை. அந்த ராஜ்யம் வாளால் நிறுவப்படுவதில்லை, வாளால் காக்கப்படுவதுமில்லை என்றார். பிலாத்து சிலுவையின்மேல் எபிரெயு, கிரேக்கு, லத்தீன் என்னும் மூன்று மொழிகளில் எழுதிவைத்த "யூதருடைய ராஜா" என்ற மேல்விலாசத்தை, திருச்சபை அன்றுமுதல் உண்மை வாக்குமூலமாகவே வாசித்துவருகிறது.

இந்தக் கருத்தை ஒரு முழுமையான போதனையாக வளர்த்தவர் அப்போஸ்தலனாகிய பவுல். ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில் ஆளுதல் என்ற வினையை அவர் எத்தனை விதமாகப் பயன்படுத்துகிறார் என்பதைக் கவனிக்கவேண்டும். மரணம் ஆண்டுகொண்டது. பாவம் ஆண்டுகொண்டது. கிருபை ஆளுகை செய்கிறது. கிருபையின் பரிபூரணத்தைப் பெற்றவர்கள் இயேசு கிறிஸ்துவின் மூலமாய் ஜீவனை அடைந்து ஆளுவார்கள். அடுத்த அதிகாரத்தில் அவர் நேரடியாகவே கேட்டுக்கொள்ளுகிறார்: சாவுக்கேதுவான உங்கள் சரீரத்தில் பாவம் ஆளாதிருப்பதாக. யாருக்குக் கீழ்ப்படியும்படி நம்மை ஒப்புக்கொடுக்கிறோமோ அவர்களுக்கே நாம் அடிமைகள் என்பதும் அங்கேயே வருகிறது. பவுலின் பார்வையில் மனித இருதயத்தில் காலியான சிங்காசனம் என்று ஒன்று இல்லை. பாவமோ கிருபையோ, ஏதாவது ஒன்று எப்போதும் அதில் அமர்ந்திருக்கிறது. "என் மனதுக்கு நானே எஜமான்" என்று எண்ணுகிறவன், அந்த எண்ணத்தைத் தனக்குக் கொடுத்தது யார் என்று கேட்டுப்பார்க்கவில்லை என்பதே அவருடைய வாதத்தின் உட்பொருள்.

கிறிஸ்து அமர்ந்திருக்கும் இருதயம் எப்படி இருக்கும் என்பதையும் பவுல் சொல்லுகிறார். தேவனுடைய ராஜ்யம் புசிப்பும் குடிப்புமல்ல, நீதியும் சமாதானமும் பரிசுத்த ஆவியினாலுண்டாகும் சந்தோஷமும் என்று ரோமாபுரியாருக்கு எழுதுகிறார். இந்த வசனம் எங்கே வருகிறது என்பதும் முக்கியம். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று விசுவாசிகள் ஒருவரையொருவர் குற்றவாளிகளாகத் தீர்த்துக்கொண்டிருந்த ஒரு சபைத் தகராறின் நடுவிலே வருகிறது. பந்தியில் பக்கத்தில் அமர்ந்திருக்கிற சகோதரனைத் துக்கப்படுத்துகிறாயா, இல்லையா என்பதே அங்கே ராஜ்யத்தின் அளவுகோலாகிறது. கொலோசெயருக்கு எழுதும்போதும், தேவசமாதானம் உங்கள் இருதயங்களில் ஆளக்கடவது என்று சொல்லிவிட்டு, நீங்கள் ஒரே சரீரமாக அழைக்கப்பட்டீர்கள் என்பதை உடனே நினைப்பூட்டுகிறார். உள்ளான அரசாட்சி தனிமனிதனின் உள்ளத்தில் தொடங்கினாலும், அது அங்கேயே பூட்டிவைக்கப்படுவதில்லை.

மனதை அடக்குகிறவனே மெய்யான அரசன் என்ற கருத்து கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரியதா என்று சிலர் கேட்கலாம். இல்லை. கிரேக்க, ரோம உலகத்தில் ஸ்தோயிக்கர் என்னும் தத்துவஞானிகள், ஞானி ஒருவனே உண்மையான ராஜா என்று போதித்துவந்தார்கள். ஆதித் திருச்சபையின் போதகர்கள் அந்தச் சிந்தனையை நன்றாக அறிந்திருந்தார்கள். ஆனால் அடித்தளத்தில் ஒரு வேறுபாடு உண்டு. ஸ்தோயிக்க ஞானி தன் பகுத்தறிவின் வலிமையால் தன்னை வெல்லுகிறான். பவுலோ இச்சையடக்கத்தை ஆவியின் கனிகளில் ஒன்றாக, அன்பில் தொடங்கும் வரிசையின் முடிவில் வைக்கிறார். கிறிஸ்தவ விசுவாசி தன்னை ஆளுகிறான் என்றால், அவன் தேவனால் ஆளப்படுகிறான் என்பதே அதற்குக் காரணம். ஆகவே அந்த வெற்றியில் அவன் பெருமைபாராட்ட இடமில்லை.

மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சந்திரியாவைச் சேர்ந்த ஒரிகன், கர்த்தருடைய ஜெபத்தை விளக்கும்போது, "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று ஜெபிக்கிறவன் தனக்குள் இருக்கும் தேவராஜ்யம் முளைத்து, கனிகொடுத்து, பூரணப்படவேண்டும் என்றே ஜெபிக்கிறான் என்று எழுதினார். நான்காம் நூற்றாண்டில் நீசா நகரத்துக் கிரகோரியார், மனித ஆத்துமா ராஜரீகமாகவே படைக்கப்பட்டது என்றும், இரத்தாம்பரத்துக்குப் பதிலாக அது நற்பண்பையும், கிரீடத்துக்குப் பதிலாக நீதியையும் அணிந்திருக்கிறது என்றும் விவரித்தார். வட ஆப்பிரிக்கத் திருச்சபையின் போதகரான அகுஸ்தீனார், ரோம் நகரம் சூறையாடப்பட்டதைப் பற்றிச் சிந்தித்து எழுதிய 'தேவனுடைய நகரம்' என்ற பெருநூலில், நல்லவன் அடிமையாயிருந்தாலும் சுதந்தரன் என்றும், தீயவன் ராஜாவாயிருந்தாலும் அடிமை என்றும், அதுவும் ஒரு எஜமானுக்கு அல்ல, தன்னிடமுள்ள தீய குணங்களின் எண்ணிக்கை அளவு எஜமான்களுக்கு அடிமை என்றும் சொல்லுகிறார். உப்பரிகையில் நின்ற தாவீதையும் வாசலில் படுத்த உரியாவையும் நினைத்தால் இதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

பதினாறாம் நூற்றாண்டின் திருச்சபைச் சீர்திருத்தத்தில் இந்தப் போதனை புதிய அழுத்தம் பெற்றது. மார்ட்டின் லூத்தர் 1520-ஆம் ஆண்டில் கிறிஸ்தவனுடைய சுயாதீனத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கிறிஸ்தவன் எல்லாவற்றுக்கும் மேலான சுதந்தரமுள்ள ஆண்டவன், ஒருவருக்கும் கீழ்ப்பட்டவனல்ல. அதே கிறிஸ்தவன் எல்லாருக்கும் ஊழியன், எல்லாருக்கும் கீழ்ப்பட்டவன் என்ற இரண்டு கூற்றுகளை அவர் அதில் அருகருகே வைத்தார். விசுவாசத்தினாலே அவன் ராஜா; அன்பினாலே அவன் ஊழியக்காரன். இந்த அரசாட்சி பொருள்களைக் கைப்பற்றி ஆளும் சரீரப்பிரகாரமான அதிகாரம் அல்ல என்றும், அப்படி எண்ணுவது சபைத் தலைவர்கள் சிலரைப் பிடித்திருக்கும் பைத்தியம் என்றும் லூத்தர் கடிந்துகொண்டார். அவர் சொல்லும் ராஜரீகம் வேறு. துன்பமும் மரணமுங்கூட விசுவாசிக்கு நன்மைக்கேதுவாய் ஊழியஞ்செய்யும்படி தேவன் நடப்பிக்கிறார். அவனை மெய்யாகவே அழிக்கத்தக்கது எதுவும் இல்லை. 1563-இல் வெளியான, சீர்திருத்த சபைகளின் ஹைடல்பெர்க் வினாவிடைப் போதனை, "நீ ஏன் கிறிஸ்தவன் என்று அழைக்கப்படுகிறாய்?" என்று கேட்டு, நான் கிறிஸ்துவின் அபிஷேகத்தில் பங்குபெற்றவன், ஆகையால் இம்மையில் சுத்த மனச்சாட்சியோடு பாவத்துக்கும் பிசாசுக்கும் எதிராய்ப் போராடி, மறுமையில் அவரோடு ஆளுவேன் என்ற கருத்தில் விடையளிக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் திருமுழுக்குச் சடங்கிலும், குரு, இறைவாக்கினர், அரசர் என்ற கிறிஸ்துவின் மூன்று பணிகளில் பங்குபெறுவதன் அடையாளமாகக் கிறிஸ்மா என்னும் அர்ச்சிக்கப்பட்ட தைலம் பூசப்படுகிறது. சபைப் பிரிவுகள் பலவற்றில் வேறுபட்டாலும், இந்தக் கருத்தில் அவை வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபட்டிருக்கின்றன.

ஆனாலும், இருதயத்தின் அரசாட்சியை ஒரு தொடக்க வாசகருக்குக் கண்முன் நிறுத்த, பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில எழுத்தாளரான ஜான் பனியனைவிடச் சிறந்த வழிகாட்டியை நான் அறியேன். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் என்னும் தமிழ்க் காவியத்துக்கு மூலமான நூலை எழுதியவராகத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அவரை அறிவார்கள். அதே பனியன் 1682-இல் 'பரிசுத்த யுத்தம்' என்று பொருள்படும் மற்றொரு உருவகக் கதையை எழுதினார். இளவயதில் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரின்போது பாராளுமன்றப் படையில் சேவகம் செய்தவர் அவர். ஆகவே முற்றுகை, கோட்டை, காவல் ஆகியவை அந்தக் கதை முழுவதும் நிறைந்திருக்கின்றன.

கதையின் களம் மனித ஆத்துமா என்ற பெயருள்ள ஒரு பட்டணம். அதற்குச் செவி, கண், வாய், மூக்கு, ஸ்பரிசம் என்று ஐந்து வாசல்கள். நடுவிலே இருதயம் என்னும் அரண்மனைக் கோட்டை. குடிகள் சம்மதிக்காமல் எந்தப் பகைவனாலும் அதன் மதில்களை இடிக்க முடியாது என்று பனியன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். பிசாசு வஞ்சனையால் அந்தச் சம்மதத்தைப் பெற்று உள்ளே நுழைகிறான். நுழைந்ததும் அவன் செய்யும் காரியங்கள் கூர்ந்து கவனிக்கத்தக்கவை. புத்தி என்னும் நகரத் தலைவரின் மாளிகைக்கு வெளிச்சம் வராதபடி அதன் முன்னே உயர்ந்த கோபுரத்தை எழுப்புகிறான். மனச்சாட்சி என்னும் அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்குகிறான். ஆனாலும் மனச்சாட்சியை அவனால் முற்றிலும் வாயடைக்க முடியவில்லை. அவர் தம் பழைய ராஜாவை நினைத்துக் கர்ஜிக்கும் வேளைகளில் பட்டணமே நடுங்குகிறது. மீட்கவந்த சேனையின் சத்தம் உள்ளே கேட்காதபடி, செவி வாசலில் தப்பெண்ணம் என்பவனையும் அவனுக்குக் கீழே செவிடரான அறுபது பேரையும் காவல் வைக்கிறான்.

ராஜகுமாரனாகிய இம்மானுவேல் தாமே வந்து முற்றுகையிடும்போது, பிசாசு பேரம் பேசுகிறான். முதலில் பாதிப் பட்டணத்தை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லுகிறான். அது மறுக்கப்பட்டதும் தனக்கு ஒரு சிறு பகுதி மட்டும் போதும் என்கிறான். பிறகு, மற்ற எல்லாவற்றுக்கும் நீரே ஆண்டவராயிரும், நான் மறைவாய்த் தங்க ஓரிடம் மாத்திரம் தாரும் என்கிறான். அதுவும் நடக்காதபோது, எப்போதாவது பழைய அறிமுகத்துக்காக வந்துபோகவும், கடிதம் எழுதவும் அனுமதி கேட்கிறான். இம்மானுவேல் ஒவ்வொன்றையும் மறுத்துவிடுகிறார். இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் என் உள்ளம் குத்தப்படுகிறது. ஏனெனில் அந்தப் பேரங்கள் அனைத்தும் விசுவாசிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேரங்களே. ஞாயிற்றுக்கிழமை கர்த்தருக்கு, வியாபாரம் எனக்கு. ஜெபம் கர்த்தருக்கு, என் தம்பியோடுள்ள சொத்துத் தகராறு எனக்கு. பெரிய பாவங்களையெல்லாம் விட்டுவிட்டேன், இந்த ஒரு கசப்பை மட்டும் மறைவாய் வைத்துக்கொள்ளுகிறேன். அந்த மறைவான ஓரிடத்திலிருந்துதான் பட்டணம் முழுவதும் திரும்பப் பிடிக்கப்படும் என்பதைப் பனியன் அறிந்திருந்தார்.

கதை மீட்போடு முடிவதில்லை. பட்டணத்தார் மாம்சத்துக்குரிய நிர்விசாரம் என்பவனுடைய விருந்துகளில் மயங்கி, இம்மானுவேலைச் சந்திப்பதைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டுவிடுகிறார்கள். அவர் சத்தமில்லாமல் பட்டணத்தைவிட்டுப் போய்விடுகிறார். ஒரு விருந்தின் நடுவில் தேவபயம் என்னும் பெயருள்ள மனிதர் எழுந்து சொல்லும்வரை, அவர் போய்விட்டதே அவர்களுக்குத் தெரியவில்லை. பகைவன் திரும்பிவந்து பட்டணத்தைப் பிடித்தாலும் இருதயக் கோட்டையை மட்டும் அவனால் பிடிக்க முடிவதில்லை. நீண்ட மன்றாட்டுக்குப் பின்பு இம்மானுவேல் திரும்பிவருகிறார். அதன் பிறகும் பகைவனின் ஆட்கள் சிலர் மதில்களின் இடுக்குகளில் ஒளிந்திருக்கிறார்கள். பட்டணத்தார் விழித்திருக்கவும், அவர்களுடைய அன்பு சோதிக்கப்படவுமே தாம் அதை அனுமதிப்பதாக அவர் விளக்குகிறார். கிறிஸ்து ஒருவனுடைய இருதயத்தில் ராஜாவானபின் அவனுக்குள் போராட்டமே இருக்கக் கூடாது என்று எண்ணிச் சோர்ந்துபோகிறவர்களுக்கு இந்தப் பகுதி பெரிய ஆறுதல். போராட்டம் இருப்பது ராஜா இல்லை என்பதற்கு அடையாளமல்ல. ராஜா இல்லாத பட்டணத்தில் பிசாசை எதிர்க்க எவரும் எழும்புவதில்லை.

இந்தப் போதனை திரிக்கப்படுவதும் உண்டு. விசுவாசிகள் ராஜாக்கள், ஆகையால் செல்வமும் சரீர சுகமும் சமுதாய அந்தஸ்தும் அவர்களுக்குரிய பாத்தியம் என்று போதிக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கொரிந்து சபையிலும் இதே மனப்பான்மை தலைகாட்டியது. நீங்கள் இப்பொழுதே திருப்தியடைந்தீர்கள், ஐசுவரியவான்களானீர்கள், எங்களை விட்டுவிட்டு ஆளவும் தொடங்கிவிட்டீர்கள் என்று பவுல் அவர்களைக் கடிந்துகொண்டு, அப்போஸ்தலராகிய தாங்களோ பசியும் தாகமும் உள்ளவர்களாய், தங்க இடமில்லாதவர்களாய், தங்கள் கைகளினால் வேலைசெய்து பாடுபடுகிறார்கள் என்று எழுதினார். ராஜரீகத்தைச் சொகுசாக மாற்றும் பிரசங்கத்தைக் கேட்க நேர்ந்தால், முதல் கொரிந்தியர் நான்காம் அதிகாரத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ராஜ்யம் உள்ளத்தில்தானே இருக்கிறது, உலகில் நடக்கும் அநியாயத்தைப் பற்றி எனக்கென்ன என்று ஒதுங்கிக்கொள்வது அது. இரண்டாம் நூற்றாண்டில், இன்று துருக்கியின் இஸ்மிர் நகரமாயிருக்கும் சிமிர்னாவில், வயதுசென்ற சபைக் கண்காணியான (ஆயரான) பொலிகார்ப்பை ரோம அதிபதி கிறிஸ்துவை நிந்திக்கும்படி கட்டாயப்படுத்தினான். எண்பத்தாறு வருஷம் அவருக்கு ஊழியஞ்செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, என்னை இரட்சித்த என் ராஜாவை எப்படித் தூஷிப்பேன் என்று பதிலளித்துவிட்டு அவர் மரணத்துக்கு உட்பட்டார். இருதயத்தில் இருந்த அரசாட்சிதான் அந்தப் பொதுமன்றத்தில் அவரை நிற்கச் செய்தது. 1934-இல் ஜெர்மனியில் ஹிட்லரின் நாஜி ஆட்சி சபையைத் தன் கருவியாக்க முயன்றபோது பார்மென் நகரில் கூடிய சபைப் பிரதிநிதிகளும், நம் வாழ்க்கையில் கிறிஸ்துவுக்கு அல்லாமல் வேறு ஆண்டவர்களுக்கு உரிய பகுதிகள் உண்டு என்ற போதனையை வெளிப்படையாக மறுத்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் தேசவெறி வளர்ந்துவந்த 1925-ஆம் ஆண்டில்தான் திருத்தந்தை பதினோராம் பயஸ் கிறிஸ்து அரசர் திருவிழாவை ஏற்படுத்தினார். கிறிஸ்து மனிதரின் அறிவிலும் சித்தத்திலும் இருதயத்திலும் ஆளவேண்டும் என்று அவருடைய சுற்றுமடல் கூறியது.

அன்றாட வாழ்க்கையில் இந்த அரசாட்சியைப் பழகுவதற்குப் புதிய வழி எதையும் தேட வேண்டியதில்லை. இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா கற்பித்த ஆத்தும சோதனை எளிமையானது. நாளின் முடிவில் தேவனுக்கு நன்றி சொல்லி, அன்றைய நினைவுகளையும் வார்த்தைகளையும் செய்கைகளையும் அவருடைய சமுகத்தில் வரிசையாக நினைவுகூர்ந்து, தவறியவற்றுக்கு மன்னிப்புக் கேட்டு, மறுநாளுக்கு உதவி வேண்டுவது. இதைச் செய்கிறவர், இன்று எனக்குக் கோபம் வந்ததா என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. கோபம் வந்த அந்த வேளையில் என்னை ஆண்டது எது என்றும் கேட்கவேண்டும். வீட்டு வேலை செய்கிறவரிடம் நான் பேசிய தொனியில் யாருடைய ஆளுகை இருந்தது? தொலைபேசியைக் கீழே வைக்க முடியாமல் கழிந்த அந்த இரவு நேரத்தில் யார் எனக்குக் கட்டளையிட்டது? இந்தக் கேள்விகள் நம்மைக் குற்றவுணர்வில் தள்ளுவதற்காக அல்ல. எந்த வாசலில் காவல் தளர்ந்திருக்கிறது என்று அறிந்து, அந்த இடத்துக்கு ராஜாவை அழைப்பதற்காகவே.

இந்தக் கருத்தை மேலும் அறிய விரும்புகிறவர் விளக்கநூல்களுக்குப் போவதற்கு முன், ரோமர் ஐந்து, ஆறாம் அதிகாரங்களை ஒரே அமர்வில் வாசித்து, ஆளுதல், கீழ்ப்படிதல் என்னும் சொற்கள் வரும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளலாம். பிறகு இரண்டாம் சாமுவேல் பதினொன்றும் பன்னிரண்டும், அவற்றோடு ஐம்பத்தோராம் சங்கீதமும். யோவான் பதின்மூன்றாம் அதிகாரத்தை அதற்குப் பின் வாசிப்பது நல்லது. பிதா எல்லாவற்றையும் தம்முடைய கையில் ஒப்புக்கொடுத்தார் என்பதை இயேசு அறிந்து, பந்தியை விட்டெழுந்து சீஷருடைய கால்களைக் கழுவினார் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. சகல அதிகாரமும் உடையவர் அதை எதற்குப் பயன்படுத்தினார் என்பதைக் கண்டபின், அவருடைய ஆளுகையின்கீழ் நாம் பெறும் ராஜரீகம் எப்படிப்பட்டது என்பதை வாசகர் தாமே அறிந்துகொள்வார்.